துரையோடு பேசுவது எப்படி?

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது பழமொழி. மலையகத் தோட்டங்களில் இப்பழமொழிக்கு இப்போது புதிய உரை ஒன்று எழுதப்பட்டு வருகிறது. தொழிலாளி இனிமேல் கூலிக்காரன் அல்லனாம், ஒப்பந்தக்காரனாம், கம்பெனியின் பங்காளியாம், தன் காலில் நிற்கும் சிறு தொழிலதிபனாம். ஆகையால் சங்கத்தின் பின்னால் நின்று கோஷம் போடும் பழைய வழக்கத்தை விட்டு, நிர்வாகத்தோடு நேருக்கு நேர், இங்கிதமாக, பொறுப்பாகப் பேச அவன் பழகிக்கொள்ள வேண்டுமாம். பேசத் தெரிந்தவனுக்கு வாழ்வு உண்டு. தெரியாதவன் தன் விதியை நொந்துகொள்ள வேண்டியதுதான். புதிய உபதேசத்தின் சாரம் இவ்வளவே.

இதில் பாதி உண்மை இருக்கிறது. நிர்வாகத்தோடு நல்ல முறையில் பேச வேண்டும் என்பதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். தகராறெல்லாம் நல்ல முறை எது என்பதில்தான். குழைந்த குரலும், சமயம் பார்த்துச் சொல்லும் சாமர்த்தியமும், துரையின் முகக்குறிப்பறிந்து நடக்கும் பணிவும் நல்ல முறை என்கின்றனர் அவர்கள். எழுத்தும் கணக்கும் தாய்மொழியும் கூட்டமும் சேர்ந்த பேச்சே நல்ல முறை என்கிறோம் நாம். நுவரெலியாவிலும் அட்டனிலும் தலவாக்கலையிலும் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்து வந்திருக்கும் மக்களின் அனுபவம் எந்தக் கட்சிக்குச் சாட்சி சொல்கிறது என்பதைப் பார்ப்போம்.

*

1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டார். 1869இல் கோப்பிச் செடியில் கண்ட இலைநோய் பரவி அந்தப் பயிரையே அழித்தது. மலைநாடு தேயிலை நாடாயிற்று. பயிர் மாறிற்றே தவிர, பேச்சு முறை மாறவில்லை. புதிதாக வந்திறங்கும் சின்னத் துரைமார் தமிழ் பழகுவதற்கென்று பெர்குசன் என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு கைந்நூல் தொகுத்தார். அந்நூலின் பெயர் 'இங்கே வா!' என்பது. தமிழ் மொழியின் வாசலில் துரைமகன் எழுதி மாட்டிய பலகை அது. அதில் கேள்வி இல்லை, வணக்கம் இல்லை. கட்டளை மட்டும் இருந்தது, அதுவும் ஒருமையில். இத்தகைய தமிழில் தொழிலாளி சொல்லக்கூடிய பதில் ஒன்றே ஒன்றுதான்: வந்து நிற்பது.

ஆனால் அதே துரை தன் எசமானர்களோடு பேசிய விதம் வேறு. அவனுக்கு மேலே கொழும்பில் ஏஜென்சிக் கம்பெனி இருந்தது. அதற்கும் மேலே பல தோட்டங்களுக்கு லண்டனில் டைரக்டர் சபை இருந்தது. கண்காணாத இடத்திலிருந்த எசமானனுக்கு வேலை செய்தவன்தான் துரையும். அவன் வாய்ப்பேச்சை நம்பினானா? இல்லை. மாதந்தோறும் அறிக்கை எழுதினான். எத்தனை ஏக்கர், எத்தனை இறாத்தல், எவ்வளவு செலவு என்று கணக்கெழுதினான். 'விசிட்டிங் ஏஜெண்ட்' வந்து மலைகளைச் சுற்றிப் பார்த்துத் தன் குறிப்பை எழுதிவைத்தார். தூரத்திலிருப்பவனோடு பேசுவதற்கு எழுத்தையும் எண்ணையும் விட்டால் வேறு வழியில்லை என்பதை முதலாளி வர்க்கம் நன்றாக அறிந்திருந்தது. மேலே போனதெல்லாம் கடிதம். கீழே வந்ததெல்லாம் அதட்டல்.

இந்த இரண்டுக்கும் நடுவே ஓர் ஆள் நின்றான். அவனே கங்காணி. தமிழகத்துக் கிராமங்களில் முன்பணம் கொடுத்து ஆள் திரட்டி வந்தவன் அவன். தோட்டத்தில் அவர்களை மேய்த்தவனும் அவன். அவர்களுக்காகத் துரையிடம் பேசியவனும் அவனே. வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் நாட்கணக்கில் அவனுக்குத் தலைக்காசு கிடைத்தது. புதிய உபதேசிகள் கவனிக்கட்டும்: மலையகத்தின் முதல் ஒப்பந்தக்காரன் கங்காணிதான்! நிர்வாகத்தோடு 'நல்ல முறையில்' பேசத் தெரிந்த முதல் தமிழனும் அவன்தான். தலைப்பாகையும் கோட்டுமாக பங்களா வாசலில் நின்று, துரையின் மனமறிந்து, இதமாகப் பேசினான். பிழைத்தான். அவன் பிழைத்த பிழைப்பின் பெயர் லயத்து மக்களின் கடன்.

அந்தக் கடனுக்கும் ஒரு கடிதம் உண்டு. 'துண்டு' என்று அதற்குப் பெயர். இவ்வளவு கடனைத் தீர்த்தால் இந்தக் கங்காணியையும் அவன் ஆட்களையும் விடுவிக்கச் சம்மதம் என்று தோட்டத் துரை எழுதிக் கொடுத்த சீட்டு அது. அந்தச் சீட்டில் எழுதப்பட்ட தொகையோடு மனிதர்கள் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குக் கைமாறினார்கள். 1921இல் சட்டம் அதை ஒழித்தது. தன்னைப் பற்றி எழுதப்பட்ட கடிதத்தைத் தன்னால் படிக்க முடியாத மனிதன் எவ்வளவு இங்கிதமாகப் பேசினால்தான் என்ன பயன்? பேச்சின் பஞ்சம் அங்கே வாயில் இல்லை, பத்திரத்தில் இருந்தது.

துரைமாரில் ஒருவன் தொழிலாளியோடு மனிதனாகப் பேசிப் பார்த்ததும் உண்டு. பிரேஸ்கேர்டில் என்ற இளைஞன் 1936இல் ஆஸ்திரேலியாவிலிருந்து மடுல்கலைப் பகுதித் தோட்டமொன்றுக்குத் தொழில் பழக வந்தவன். தொழிலாளர் பக்கம் சாய்ந்தான், வேலை போயிற்று. 1937 ஏப்ரலில் நாவலப்பிட்டிக் கூட்டத்தில் அவன் பேசினான். அந்த மாதமே தேசாதிபதி ஸ்டப்ஸ் அவனை நாடு கடத்த உத்தரவிட்டார். உயர் நீதிமன்றம் அந்த உத்தரவு செல்லாதென்று அவனை விடுவித்தது. ஒரு துரையின் வாயிலிருந்து வந்த நாலு நல்ல வார்த்தைக்கு ஓர் ஏகாதிபத்தியம் அஞ்சியது ஏன்? பேச்சுமுறை என்பது பழக்கவழக்கச் சங்கதியல்ல, அதிகாரச் சங்கதி என்பதை அது நம்மைவிட நன்றாக அறிந்திருந்தது, வேறு காரணமில்லை.

*

தொழிலாளிக்கு வாய் எப்போது வந்தது? எழுத்து வந்தபோது வந்தது.

கோ. நடேசய்யர் துணி வியாபாரியைப்போலத் தோட்டங்களுக்குள் புகுந்தார் என்று சொல்லும் வரலாறு, அவர் பத்திரிகைக்காரர் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. 'தேசநேசன்', 'தேசபக்தன்' என்று இதழ்கள் நடத்தினார். சட்டத்தைத் தமிழில் எடுத்துச் சொன்னார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மை பாட்டெழுதிக் கூட்டங்களில் பாடினார். 1931இல் அட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் எழுந்தது. அதன் பிறகுதான் துரையின் மேசைக்குத் தொழிலாளியின் குறை ஒரு கடிதமாகப் போய்ச் சேர்ந்தது. கங்காணியின் வாய்வழியாகப் போன குறைக்குத் தேதி இல்லை, பிரதி இல்லை, பதில் சொல்லும் கடமையும் இல்லை. சங்கத்தின் கடிதத்துக்கு மூன்றும் இருந்தன.

1927இல் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம், 1935இல் தொழிற்சங்கச் சட்டம், 1941இல் சம்பளச் சபைச் சட்டம், 1950இல் கைத்தொழிற் பிணக்குச் சட்டம். இவை எவையும் இனிமையாகப் பேசியதற்குக் கிடைத்த பரிசுகளல்ல. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் பொலீஸ் துப்பாக்கிக்குக் கோவிந்தன் பலியானது அந்தப் பாதையில்தான். 1948இல் குடியுரிமையும் மறு ஆண்டில் வாக்குரிமையும் பறிக்கப்பட்டு, நாட்டின் சபையில் பேசும் வாயே அடைக்கப்பட்ட பிறகும், தோட்டத்து ஆபீசில் பேசும் வாயைச் சங்கத்தின் மூலம் இம்மக்கள் காப்பாற்றி வைத்திருந்தார்கள் என்பது சாதாரண விஷயமல்ல.

அந்த வாய்க்குத்தான் இப்போது ஆபத்து வந்திருக்கிறது.

1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தத்தால் அரசுடைமையான தோட்டங்கள், 1992இல் பிராந்தியக் கம்பெனிகளின் நிர்வாகத்துக்கு ஒப்படைக்கப்பட்டன. அதன்பின் முதலாளிமார் சம்மேளனமும் சில தொழிற்சங்கங்களும் கூட்டு ஒப்பந்தம் எழுதிச் சம்பளத்தைத் தீர்மானிக்கும் வழக்கம் நிலைத்தது. 2021 மார்ச்சில் சம்பளச் சபை மூலம் நாட்சம்பளம் 1,000 ரூபாயென வர்த்தமானி வெளிவந்தபோது, கம்பெனிகள் நீதிமன்றம் போயின. கூட்டு ஒப்பந்தத்திலிருந்தும் விலகின. 2024இல் 1,700 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டு, அதுவும் வழக்கில் சிக்கி, செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாயாயிற்று. இந்தக் காலப்பகுதி முழுவதும் கம்பெனித் தரப்பிலிருந்து ஓயாமல் கேட்ட குரல் ஒன்றுண்டு: நாட்சம்பளம் என்ற முறையே பழையது, தேயிலைச் செடிகளைத் தொழிலாளர் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, பறிக்கும் கொழுந்துக்குக் கிலோ கணக்கில் விலை கொடுக்கும் முறையே புதியது என்பது அந்தக் குரல். வெளியார் உற்பத்தி முறை என்றும், வருமானப் பகிர்வு முறை என்றும் அதற்குப் பெயரிட்டிருக்கிறார்கள்.

*

இம்முறை தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடுகிறது. பொதுவான அமைப்பு இது: ஒரு குடும்பத்துக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கையான செடிகள் ஒதுக்கப்படும். உரமும் மருந்தும் கம்பெனி தரும். அதன் விலையைக் கொழுந்துக் காசில் கழித்துக்கொள்ளும். கொழுந்தை அந்தக் கம்பெனிக்கே கொடுக்க வேண்டும். நிலம் கம்பெனியின் குத்தகையிலேயே இருக்கும், செடியும் அவ்வாறே. மழை பெய்யாவிட்டால் நஷ்டம் மட்டும் குடும்பத்துக்குச் சேரும்.

இதன் பொருளாதாரத்தைப் பற்றிப் பலரும் பேசியிருக்கிறார்கள். பேச்சுக்கு இது என்ன செய்கிறது என்பதை யாரும் போதிய அளவு கவனிக்கவில்லை என்பதே நமது குறை.

பழைய தோட்டத்தில் விடியற்காலையில் பிரட்டு உண்டு. அது அடிமைத்தனத்தின் சின்னம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் நூறு பேர் ஒரே இடத்தில் நின்ற இடமும் அதுதான். ஒருத்தியின் அரைப்பேர் அநியாயமாக வெட்டப்பட்டால் தொண்ணூற்றொன்பது பேர் அதைக் கேட்டார்கள். தராசில் தண்ணீர்க் கழிவென்று அளவுக்கு மீறிக் கழித்தால் வரிசை முழுவதும் முணுமுணுத்தது. முணுமுணுப்பு முற்றினால் வேலைநிறுத்தமாயிற்று. தொழிலாளர் குறை கேட்பதற்கென்று வாரத்தில் ஒரு நாளை ஆபீசில் ஒதுக்கும் வழக்கமும் பல தோட்டங்களில் உண்டு. தோட்டக் கமிட்டித் தலைவர் அங்கே போய் நின்றால், அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு ஜனக்கூட்டம் நிற்பது துரையின் கண்ணுக்குத் தெரியும்.

ஒப்பந்தக்காரனாகிவிட்ட குடும்பத்துக்குப் பிரட்டு இல்லை. அது தன் துண்டு நிலத்தில் தனியாக நிற்கிறது. தோட்டத்தோடு அதற்குள்ள தொடர்பு தராசு ஒன்றுதான். இன்றைய விலை என்ன, ஏன் குறைந்தது, உரத்துக்கு எவ்வளவு கழித்தார்கள், அடுத்த மாதம் இந்த மலை யாருக்கு என்ற கேள்விகளையெல்லாம் தராசடியில் நிற்கும் கணக்கப்பிள்ளையிடம் கேட்கலாம். அவரோ துரையைக் கேட்க வேண்டும் என்பார். துரை கொழும்பைக் கேட்க வேண்டும் என்பார். கொழும்போ ஏல விலையைக் கைகாட்டும். ஒரு மலைக்கு அப்பால் இருக்கும் மனேஜர், ஒரு சமுத்திரத்துக்கு அப்பால் இருந்த டைரக்டரைவிடத் தூரமாகிப் போகிறார். இந்த நிலையில் ஒருவனைப் பார்த்து, 'நேருக்கு நேர் பேசு, நயமாகப் பேசு' என்று சொல்வது கையைக் கட்டிவிட்டு நீந்தச் சொல்வதற்கு ஒப்பாகும்.

பங்காளி என்ற பெயர் வாயைத் திறந்துவிடும் என்று நம்புகிறவர்கள் கடலுக்கு அப்பால் மூணாற்றைப் பார்க்கட்டும். அங்கேயும் நம்மவர்கள், அங்கேயும் தேயிலை. கண்ணன் தேவன் கம்பெனியில் தொழிலாளர் பங்குதாரர்களாகவே ஆக்கப்பட்டிருந்தார்கள். அந்தப் பங்குதாரப் பெண்கள் 2015 செப்டெம்பரில் என்ன செய்ய வேண்டியிருந்தது? போனஸ் 20 வீதத்துக்குக் கிட்டத்தட்ட இருந்தது 10 வீதமாக வெட்டப்பட்டபோது, ஒன்பது நாட்கள் வேலையை விட்டு நெடுஞ்சாலையில் உட்கார வேண்டியிருந்தது. கம்பெனியை மட்டுமல்ல, தங்கள் பெயரால் கம்பெனியோடு பேசிவந்த ஆண் தொழிற்சங்கத் தலைவர்களையும் அவர்கள் ஒதுங்கி நிற்கச் சொன்னார்கள். 'பெண்கள் ஒருமை' என்று தங்களுக்குப் பெயரிட்டுக்கொண்டு, தங்கள் கணக்கைத் தாங்களே பேசினார்கள். போனஸும் கருணைத் தொகையும் சேர்த்து 20 வீதம் கிடைத்தது. பங்குப் பத்திரம் கொடுக்காத வாயை அந்த ஒற்றுமை கொடுத்தது.

ஒப்பந்தக்காரன் என்ற பெயர் சூட்டித் தொழிலாளியைத் தொழிலாளர் சட்டத்துக்கு வெளியே தள்ளுவது தேயிலைக் கம்பெனிகள் கண்டுபிடித்த தந்திரமும் அல்ல, உலகமெங்கும் நடக்கிறது. லண்டன் மாநகரில் ஊபர் வாடகைக்கார் ஓட்டுநர்களைச் சுயதொழில் செய்வோர் என்று அந்தக் கம்பெனி வாதித்தது. 2021 பெப்ரவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளிவிட்டது: கட்டணத்தை நிர்ணயிப்பது யார், வேலையைக் கட்டுப்படுத்துவது யார் என்று பார்த்தது, காகிதத்தில் எழுதிய பெயரைப் பார்க்கவில்லை. சர்வதேசத் தொழில் ஸ்தாபனத்தின் 2006ஆம் ஆண்டுச் சிபாரிசும் நடைமுறை உண்மையையே பார்க்கச் சொல்கிறது. லண்டனில் கார் ஓட்டுபவனுக்குப் பொருந்தும் நியாயம் லிந்துலையில் கொழுந்து பறிப்பவளுக்குப் பொருந்தாதா?

*

எதிரியைச் சொல்லிவிட்டால் நம் கடமை தீர்ந்துவிடாது. நம் பக்கத்திலும் இரண்டு குற்றங்கள் இருக்கின்றன.

முதலாவது, தொழிற்சங்கத் தலைமையின் குற்றம். கூட்டு ஒப்பந்தக் காலத்தில் கொழும்பு மேசைகளில் நடந்த பேச்சின் விவரம் லயத்துக்கு எப்போது வந்தது? கையெழுத்தான பிறகு வந்தது. அதுவும் மாலை மரியாதையோடு வந்தது. என்ன கேட்டோம், என்ன மறுத்தார்கள், எதை விட்டுக்கொடுத்தோம் என்று எழுதிப் பிரட்டுக்களத்தில் ஒட்டிய சங்கங்கள் எத்தனை? சந்தா கட்டுபவனுக்குக் கணக்குச் சொல்லாத பிரதிநிதி, கோட்டு மாற்றிய கங்காணியே. சங்கம் பேசும், நீ பேசாதே என்று பழக்கியதன் பலன்தான், இப்போது 'சங்கம் வேண்டாம், நீயே பேசு' என்கிறவனின் குரல் இளைஞர்களின் காதுக்கு இனிக்கிறது. ஆனால் நோய்க்கு மருந்து சங்கத்தைக் கைவிடுவதல்ல. பேசுகிறவனைப் பேசவைத்தவர்களுக்குக் கட்டுப்பட்டவனாக்குவதே மருந்து.

இரண்டாவது குற்றம், நம்மில் தீவிரம் பேசுகிற சிலருடையது. நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதுவதா, மனுப் போடுவதா, அது சமரசவாதமல்லவா என்பது அவர்கள் வாதம். போராட்டம் ஒன்றே வழி என்று முழங்கிவிட்டு மாலை பஸ்ஸில் ஊருக்குத் திரும்பிவிடலாம். லயத்தில் இருப்பவளுக்கு மறுநாள் தராசு இருக்கிறது. தேதியிட்ட கடிதமும் கையிருப்புப் பிரதியும் இல்லாத போராட்டம் தொழில் திணைக்களத்தின் படியில் ஏறியதும் மூச்சிழந்து போவதை நாம் கண்டிருக்கிறோம். எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா? கடிதம் போராட்டத்துக்கு எதிரியல்ல. போராட்டத்தின் நினைவு அது. 'நாங்கள் கேட்டோம், அவர்கள் பதில் சொல்லவில்லை' என்று நாளை நிரூபிக்கும் சாட்சி அது.

*

அப்படியானால் துரையோடு பேசுவது எப்படி?

முதலில், கையெழுத்துக்கு முன்னால் பேச வேண்டும். ஒப்பந்தத்தின் தமிழ்ப் பிரதி கைக்கு வராமல் பெருவிரல் நீளக்கூடாது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. தனக்குத் தெரியாத மொழியில் எழுதிய ஒப்பந்தம் பழைய 'துண்டு' அல்லாமல் வேறென்ன? ஒப்பந்தம் எத்தனை ஆண்டுக்கு, எந்தக் காரணத்தால் முறிக்கலாம், முறித்தால் பழைய நாட்சம்பள வேலை திரும்பக் கிடைக்குமா, லயத்துக் காம்பரா என்னாகும் என்ற நான்குக்கும் எழுத்தில் பதில் வேண்டும். யார் பெயரில் என்பது ஐந்தாவது கேள்வி. கொழுந்து பறிப்பவள் பெண்ணாக இருக்க, கையெழுத்தும் காசும் ஆண் பெயரில் இருந்தால், வீட்டுக்குள்ளேயே ஒரு கங்காணியை உண்டாக்கியவர்களாவோம்.

இரண்டாவது, கணக்கால் பேச வேண்டும். 'விலை போதாது ஐயா' என்பது முறையீடு. அதற்கு அனுதாபம் கிடைக்கும். எண்ணைச் சொன்னால் பதில் சொல்ல வேண்டியிருக்கும். நாட்சம்பளக்காரிக்கு 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி சேமலாப நிதிக்குத் தொழில் கொடுப்பவர் 12 வீதம் கட்ட வேண்டும். 1980ஆம் ஆண்டுச் சட்டப்படி நம்பிக்கை நிதிக்கு 3 வீதம். 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபாயை வைத்துப் பார்த்தால் 162 ரூபாயும் 40 ரூபாய் 50 சதமும், ஆக 202 ரூபாய் 50 சதம் ஒரு நாளைக்கு. மாதத்தில் 20 நாள் வேலையென்றால் 4,050 ரூபாய். சம்பளம் உயர உயர இத்தொகையும் உயரும். இதற்கு மேல் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் பணிக்கொடை, ஐந்தாண்டு வேலை செய்தவருக்கு ஒவ்வோர் ஆண்டுக்கும் 14 நாட் சம்பளம். 1939ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரசவச் சகாயம் வேறு. ஒப்பந்தக்காரியாக்கப்பட்டவளின் கிலோ விலையில் இவையெல்லாம் சேர்ந்திருக்கின்றனவா? சேர்ந்திருந்தால் எந்த வரியில்? இதுதான் துரையிடம் கேட்க வேண்டிய கேள்வி. குரலை உயர்த்தாமலே கேட்கலாம்.

இன்னுமொரு கணக்குண்டு. சொந்த நிலத்தில் தேயிலை வைத்திருக்கும் சிறு உடைமையாளருக்கும் தொழிற்சாலைக்கும் இடையே விற்பனை வருமானம் 68க்கு 32 என்ற வீதத்தில் பங்கிடப்பட வேண்டுமென்று தேயிலை ஆணையாளரின் விலைச் சூத்திரம் சொல்கிறது. உண்மையாகவே நீ சிறு தொழிலதிபன் என்றால், அந்தச் சூத்திரம் உனக்கு உண்டா? இல்லையென்றால் நீ தொழிலாளிதானே. சேமலாப நிதி எங்கே? இரண்டு சட்டத்துக்கும் வெளியே ஒரு மனிதனை நிறுத்திவைக்கும் அந்தரப் பெயருக்குத்தான் பங்காளி என்று சொல்லியிருக்கிறார்கள்.

மூன்றாவது, வாய்மொழியை எழுத்தாக்க வேண்டும். தராசடியில் சொன்னாலும் கைபேசியில் சொன்னாலும், அன்று மாலையே 'இன்ன தேதியில் தாங்கள் இவ்வாறு கூறியதாக நாங்கள் விளங்கிக்கொண்டோம். தவறாயின் தெரிவிக்கவும்' என்று இரண்டு வரி எழுதி அனுப்ப வேண்டும். நிறுவை, கழிவு, உரம் ஆகியவற்றுக்கு வீட்டில் ஒரு கொப்பி வேண்டும். பணிவு வேறு, மரியாதை வேறு. மரியாதையோடு எழுதலாம்; எழுதியதைப் பின்வாங்க வேண்டியதில்லை.

நான்காவது, தனியாகப் பேசக்கூடாது. ஒரு மலையில் செடி பெற்ற குடும்பங்கள் அனைத்தும் ஒரே கடிதத்தில் கையெழுத்திட வேண்டும். ஒப்பந்தக்காரருக்குச் சங்கம் கிடையாது என்று யாராவது சொன்னால், 1950ஆம் ஆண்டின் கைத்தொழிற் பிணக்குச் சட்டத்தை எடுத்துக் காட்டுங்கள். அந்தச் சட்டத்தின் பார்வையில் தொழிலாளி என்பவர் சேவை ஒப்பந்தத்தில் இருப்பவர் மட்டுமல்லர். ஒரு வேலையைத் தாமே நேரில் செய்து கொடுப்பதாக ஒப்பந்தம் செய்தவரும் தொழிலாளிதான். அவ்வொப்பந்தம் எழுத்திலிருந்தாலும் வாய்ச்சொல்லாக இருந்தாலும் சரி. ஒரு வரி இருப்பதனாலேயே வழக்கு வெற்றியாகிவிடும் என்று நாம் மயங்கவில்லை. அந்த வரி இருப்பது தெரியாமலே கையெழுத்திடுவதுதான் தோல்வி என்கிறோம்.

*

இங்கே ஆசிரியத் தோழர்களையும் மாணவத் தோழர்களையும் நோக்கி ஒரு வார்த்தை.

மலையகத்தில் எழுத்தறிவை லயத்துக்குக் கொண்டுவந்தவர்கள் நீங்கள். உங்களில் மிகப் பலர் லயத்தில் பிறந்தவர்கள். பட்டம் பெற்று, நகரத்தில் வேலை தேடி, கொழும்பின் கம்பெனிகளுக்குப் பணிவான விண்ணப்பம் எழுதக் கற்றுக்கொண்ட கை, தாயின் கொழுந்துக் கணக்கை ஒருமுறை கூட்டிப் பார்த்திருக்கிறதா? கடிதம் எழுதுவது எப்படி என்று வகுப்பில் பாடம் நடத்துகிறோம். விடுமுறை விண்ணப்பம், நண்பனுக்கு வாழ்த்து, சுற்றுலா வர்ணனை என்று மாதிரிகள் கொடுக்கிறோம். தராசில் நான்கு கிலோ அதிகமாகக் கழிக்கப்பட்டதைக் குறித்துத் தோட்ட மனேஜருக்கு ஒரு கடிதம் எழுதுக என்று எந்த வகுப்பில் கேட்டோம்? வீதக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். 1,350இல் 15 வீதம் எவ்வளவு என்பதை வட்டிக்கடைக்காரனை வைத்துத்தான் கற்பிக்க வேண்டுமா? சேமலாப நிதியை வைத்துக் கற்பித்தால் கணிதம் கெட்டுவிடுமா?

இலக்கியம் மக்களுக்காக என்று மேடைதோறும் சொல்லி வருகிறோம். 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் சென்ற ஸி. வி. வேலுப்பிள்ளை கவிஞராகவும் இருந்தார், தொழிற்சங்கவாதியாகவும் இருந்தார். அவருக்கு அவ்விரண்டும் ஒரே வேலையின் இரண்டு பக்கம். இன்று நாம் அவருக்கு விழா எடுக்கிறோம். லயத்தில் ஒப்பந்தப் பத்திரத்தைப் படித்துக்காட்ட ஆளில்லை. விழா வேண்டாமென்று சொல்லவில்லை. விழாவுக்கு வரும் இளைஞரில் பத்துப் பேர், தத்தம் தோட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் மேசை போட்டு உட்கார்ந்து, ஒப்பந்தங்களைத் தமிழில் விளக்கி, கணக்குக் கொப்பிகளைச் சரிபார்த்து, கூட்டுக் கடிதங்களை எழுதிக்கொடுப்பார்களேயானால், அது எந்த மலருக்கும் குறையாத இலக்கியப் பணியாகும். ஒன்று மட்டும் எச்சரிக்கை: அவர்களுக்காக நீங்கள் பேசப் போகாதீர்கள். எழுதியதை அவர்களிடமே படித்துக்காட்டுங்கள், அவர்கள் திருத்தட்டும், அவர்களே கொண்டுபோய்க் கொடுக்கட்டும். படித்தவன் பேச, மற்றவர்கள் பின்னால் நிற்கும் ஏற்பாடு நமக்குப் புதிதல்ல. அதிலிருந்து வெளியே வருவதற்குத்தான் இத்தனை பாடு.

பேசத் தெரியாத மக்கள் என்று மலையகத்து மக்களைச் சொல்கிறவர்கள், அவர்களுடைய பாட்டையும் ஒப்பாரியையும் விடுகதையையும் கேட்டறியாதவர்கள். பேச்சுக்கு அவர்களிடம் குறைவில்லை. பேசினால் பதில் சொல்லியாக வேண்டும் என்ற நிலையைத்தான் அவர்களுக்கு யாரும் தானாகக் கொடுத்ததில்லை. அதை ஒவ்வொரு தலைமுறையும் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. இந்தத் தலைமுறை எடுத்துக்கொள்ளும் கருவி ஒரு தமிழ்க் கடிதமும், ஒரு கணக்குக் கொப்பியும், ஒரே மலையில் வேலை செய்யும் இருபது குடும்பங்களின் கையெழுத்துமாக இருக்கட்டும். துரைமார் தங்கள் எசமானர்களோடு அன்று முதல் இன்று வரை அப்படித்தான் பேசி வருகிறார்கள். அவர்களோடும் இனி அப்படியே பேசுவோம்.